மருமகனுக்கு ஓட்டுப் போடாத தாய்மாமன்

கராமா, துபாய்
14 மார்ச் 2008, வெள்ளிக்கிழமை

அன்பும் மரியாதையும் உள்ள சுகிர்தராணி அக்காவுக்கு,

உன் தம்பி ஞானையா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நான் இங்கே சுகம். நீ அங்கே சுகமாக இல்லை என்றும், உனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியதற்கு நான்தான் காரணம் என்றும் சபைக்கு வருகிற அத்தனை பேரிடமும் நீ சொல்லியிருப்பதாக அறிந்தேன். அத்தானுக்கு என் ஸ்தோத்திரத்தைச் சொல்லவும். அவர் வாங்கிக்கொள்ள மாட்டார் என்று தெரியும். ஆனாலும் சொல்லவும்.

அக்கா, போன வெள்ளிக்கிழமையிலிருந்து உனக்குப் பதினோரு தடவை போன் செய்தேன். போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டி கட்டைவிரல் நகம் தேய்ந்ததுதான் மிச்சம். ஒன்பது தடவை நீ எடுக்கவே இல்லை. பத்தாவது தடவை எடுத்தாய், நாற்பத்தெட்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய என் குரலைக் கேட்டாய், "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டாய். பதினோராவது தடவைதான் வாய் திறந்தாய். திறந்து என்ன சொன்னாய்? "நீயெல்லாம் ஒரு தாய்மாமனாலே? நீ வெறும் அம்பயருலே!" என்று சொன்னாய். அம்பயர் என்ற வார்த்தையை ஏதோ தொற்றுவியாதியின் பேரைச் சொல்வதுபோலச் சொன்னாய். ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அம்பயருக்கே ஆகாது, அக்காவுக்கு மட்டும் ஆகுமா? அதனால்தான் நாளை மறுநாள் லீவில் ஊருக்கு வருகிற நம் பக்கத்துத் தெரு ரிஜோ கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே பால்பவுடர் டின் ரெண்டு, கோடாலித் தைலம் ஆறு, உனக்கு ஒரு டார்ச் லைட். கடிதத்தைக் கிழித்தாலும் தைலத்தைத் திருப்பி அனுப்பிவிடாதே, ரிஜோவுக்கு லக்கேஜ் அளவு தாண்டிவிடும்.

முதலில் இந்த விளையாட்டு என்ன என்று தெரிந்துகொள். இது கிரிக்கெட் இல்லை, நம்மூர் ஃபுட்பாலும் இல்லை. ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆடுகிற ஃபுட்பால். பந்து உருண்டையாக இருக்காது. பெரிய பலாக்கொட்டை மாதிரி இருக்கும், தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தலாம், கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், அப்படி ஓடுகிறவன்மேல் விழுந்து அமுக்கலாம். ரெண்டு பக்கமும் நாலு நாலு கம்பம். அப்படியானால் இதில் எதுதான் தப்பு என்று கேட்பாய். முதல் மூன்று ஆட்டம் முடிகிறவரை எனக்கும் தெரியாது. இந்த வம்பில் நான் எப்படி மாட்டினேன் என்றால், ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கிளப்புக்கு ஏ.சி. ரிப்பேர் பார்க்கப் போனேன். உடை மாற்றும் அறையில் கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருக்கும்போது அவர்கள் சங்கத்தின் தலைவர் மிஸ்டர் பார்க்கர், ஜுமைராவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு பிரின்சிபால், அம்பயர் ஒருத்தன் வரவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நான் பேசாமல் கம்ப்ரசரைப் பார்த்திருக்கலாம். எங்கள் சபை டோர்னமெண்டில் பதினோரு வருஷம் ரெஃப்ரியாக இருந்தவன் நான் என்று சொல்லித் தொலைத்தேன். சொந்த அக்கா புருஷனையே ஃபைனலில் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியவன் என்று அதற்குமேலும் சொன்னேன். பார்க்கர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தான் அதற்கப்புறம் என் வீட்டில் கை நனைத்ததே இல்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் ஸ்பேனர் இருந்த கையில் விசில் வந்துவிட்டது.

இனி பெபின் விஷயம். உன் மகனும் நான் இருக்கிற கம்பெனிதான், ஆனால் அவன் அபுதாபிப் பக்கம் முசஃபா ஒர்க்‌ஷாப்பில். ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் முடித்த பிள்ளையை ஏஜெண்ட் ஹெல்பர் விசாவில் ஏற்றி அனுப்பிவிட்டான். "ஒனக்க மேனேஜருட்ட ஒரு வார்த்த சொல்லி அவன டெக்னீஷியன் ஆக்குலே" என்று ரெண்டு வருஷமாக நீயும் சொல்கிறாய். இந்தப் பத்தொன்பது வருஷ சர்வீஸில் யாருக்காகவும் நான் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றதில்லை. பெபின் என் மருமகன் என்பதே ஆபீஸில் ஒருத்தருக்கும் தெரியாது. சொந்தக்காரனைத் தூக்கிவிட்டான் என்ற பேச்சு என் காதில் விழக்கூடாது, அது என் குணம். இதை நீ திமிர் என்கிறாய். திமிர் இருந்தால் நான் ஏன் பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் வீட்டு ஏ.சி.யைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்?

அபுதாபி டீமுக்குக் கம்பங்கள் செய்து கொடுத்தது நம் முசஃபா ஒர்க்‌ஷாப்தான். நட்டுக்கொடுக்கப் போன ஆட்களில் பெபினும் ஒருத்தன். அவர்கள் பழகிக்கொண்டிருந்த பந்து இவன் தலைக்கு மேலே பறந்திருக்கிறது, இவன் கையிலிருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு எகிறிப் பிடித்திருக்கிறான். அந்த உயரத்துக்கு எகிற அவர்களில் ஆள் கிடையாது. அன்றைக்கே சட்டை கொடுத்துவிட்டார்கள். விளையாட்டுத்தானே, வெள்ளிக்கிழமை பொழுது போகட்டும் என்று நானும் விட்டேன். அவன் என் மருமகன் என்பதை முறைப்படி பார்க்கரிடமும் என்கூட நிற்கிற அம்பயரிடமும் மட்டும் சொல்லி வைத்தேன். டிசம்பரில் பார்க்கர் ஒரு அறிவிப்புச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஸ்போர்ட்ஸ் அசிஸ்டெண்ட் வேலை ஒன்று இருக்கிறது, இந்த சீசனில் சிறந்த ஆட்டக்காரனுக்கான மெடலை யார் வாங்குகிறானோ அவனுக்கே அதில் முதல் உரிமை என்றார். மற்றவர்கள் எல்லாம் பேங்கிலும் ஆயில் கம்பெனியிலும் இருக்கிறவர்கள், சிரித்துவிட்டுப் போனார்கள். பெபின் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், ஜெஸ்மியை அவனுக்குப் பார்த்து வைத்தவளே நீதானே. அவள் அப்பா உன் வீட்டு வாசலில் நின்று என்ன சொன்னார்? "பையன் நல்லவந்தான். ஆனா விசாவுல ஹெல்பர்னு அடிச்சிருந்தா ஃபேமிலி விசா குடுக்கமாட்டானுவ. எனக்க மொவ இங்க இருந்துகிட்டு போன்லயா குடும்பம் நடத்துவா? ஈஸ்டருக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க." அந்த ஈஸ்டர் வருகிற ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறு. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை அக்கா. தெரிந்ததுதான் என் கஷ்டம்.

மெடல் எப்படிக் கொடுப்பார்கள் என்று கேள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் அம்பயர்கள் ரெண்டு பேரும் தனித்தனியே ஒரு சீட்டில் மூன்று ஆட்டக்காரர்களின் பேரை எழுத வேண்டும். நன்றாக ஆடியவனுக்கு மூன்று ஓட்டு, அடுத்தவனுக்கு ரெண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று. கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் பார்க்கர் அதைப் பூட்டி வைத்துவிடுவார். சீசன் முடிந்ததும் எல்லார் முன்னாலும் பிரித்துப் படிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்பயர் என்பவன் யார்? ரெண்டு மணி நேரம் வெயிலில் பந்துக்குப் பின்னால் ஓடி, நாக்கு வெளியே தள்ளி, வியர்வை கண்ணில் இறங்க நிற்கிறவன். அவனிடம் பேனாவைக் கொடுத்தால் நடந்ததில் பாதி மறந்திருக்கும். எந்த முகம் மனதில் நிற்கிறதோ அந்தப் பேர்தான் பேனாவில் வரும். பந்து இருக்கிற இடத்தில்தானே அவன் ஓடுகிறான், அதனால் நடு மைதானத்தில் பந்தைச் சுற்றியே திரிகிறவனைத்தான் அவன் பார்க்கிறான். கடைசியில் கம்பத்தடியில் நின்று பத்து கோலைத் தடுத்தவன் அவனுக்கு வெறும் நம்பர். உன் மகன் கம்பத்தடி ஆள். துபாய் டீமில் கிரெய்க் என்று ஒருத்தன் இருக்கிறான், நடு மைதானத்து ஆள், தலைமுடி செம்பருத்திப் பூ நிறம். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் அவன்தான் தெரிவான். அவன் பந்தைத் தொட்டானா, பக்கத்தில் நின்றானா என்பதெல்லாம் அப்புறம்.

இன்னொரு அம்பயர் முகம்மது சித்தீக். காயல்பட்டினத்துக்காரர், சத்வாவில் தையல்கடை. டீம்களுக்குச் சட்டை தைத்துக் கொண்டுவந்தவரை ஆள் பற்றாக்குறையில் பிடித்து விசில் கொடுத்துவிட்டார்கள். அவர் ஓட்டுப் போடுகிற முறையை ஒருநாள் பார்த்துவிட்டு நான் திடுக்கிட்டுப் போனேன். "என்ன பாய், அவன் நின்ன இடத்தை விட்டு அசையலியே, அவனுக்கா மூணு?" என்று கேட்டேன். "ஞானையாண்ணே, ஆளு ஓடி ஆடுனா சட்ட இழுபடும். இழுபட்டும் தையல் பிரியலேன்னா அவன் ஒழுங்கா வெளயாடுறான்னு அர்த்தம்" என்றார். பெபின் சட்டை ஒவ்வொரு ஆட்டத்திலும் கிழிந்துபோகும், நாலு பேர் தொங்கினால் கிழியாதா? ஆனால் சித்தீக் பாய் அவனுக்கு ஓட்டுப் போடாததற்குக் காரணம் தையல் இல்லை. "ஒங்க மருமவனுக்கு நீங்களே போடல. நான் போட்டா, நீங்க சொல்லித்தான் போட்டேன்னு ஆயிரும்லா?" என்றார். நியாயம்தானே என்று எனக்கும் பட்டது. இப்படியாக பெபின் ஆடிய பத்து ஆட்டத்தில் நாங்கள் ரெண்டு பேரும் நடத்திய ஆறு ஆட்டத்தில் அவனுக்கு விழுந்த ஓட்டு சுத்தமான பூஜ்யம்.

இனி நீ அதிகமாகக் கோபப்படுகிற அந்த ஐம்பது மீட்டர் விஷயம். முதல் ஆட்டத்துக்கு முன்னாலேயே அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன், "கிரவுண்டுக்குள்ள என்னய மாமான்னு கூப்பிடப்பிடாது. அம்பயர்னுதான் சொல்லணும், கேட்டியா." தலையாட்டினான். மூன்றாவது கால் பகுதியில் பந்துக்கு எகிறினவனை ரெண்டு தடியன்கள் முதுகில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். விழுந்த இடத்திலிருந்தே, "மாமா! பாத்தியளா மாமா! தள்ளிப்போட்டானுவ மாமா!" என்று கத்தினான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன செய்ய? அம்பயரிடம் முறையிட்டால் ஐம்பது மீட்டர் தண்டனை, அதாவது பந்து எதிர் டீம் கைக்குப் போய் அவ்வளவு தூரம் கோல் பக்கம் முன்னேறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. கொடுத்தேன். எதிர்க்கட்சி அதில் கோல் போட்டது, அபுதாபி அந்த கோலில்தான் தோற்றது. அவன் டீம்காரர்கள் அவனைச் சுற்றி நின்று, அம்பயரை அப்படி என்ன கெட்ட வார்த்தை சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள். உன் மகன் நல்ல பிள்ளை, மாமா என்றால் எங்கள் ஊரில் மரியாதையாகப் பெரியவர்களைக் கூப்பிடுவது என்று விளக்கம் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரத்திலிருந்து நாலு டீமும் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது. அதிலும் அந்த கிரெய்க், விசில் ஊதினால் "தேங்க்யூ மாமா", ஊதாவிட்டால் "நோ ப்ராப்ளம் மாமா". பெபின் மட்டும் அன்றைக்கு அப்புறம் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஏதாவது கேட்க வேண்டும் என்றால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், வகுப்பில் நிற்கிற மாதிரி.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது அக்கா. இங்கே இந்திக்காரர்கள் வாயில் எனக்கு பாய் என்று பேர், கம்பெனியில் டெக்னீஷியன் என்று பேர், சில வீடுகளில் கதவைத் திறந்ததும் "ஏ.சி. வந்தாச்சு" என்று என்னையே ஏ.சி. என்பார்கள். பத்தொன்பது வருஷத்தில் மாமா என்று என்னைக் கூப்பிட்ட முதல் வாய் உன் மகன் வாய், அதை நானே விசில் ஊதி அடைத்தேன். அப்புறம் ஒரு வெள்ளைக்காரன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தபோது எனக்கு இனித்தது. இனித்தது என்பதற்காக நான் ஓட்டுப் போட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது.

கடைசி ஆட்டம், துபாயும் அபுதாபியும். உன் மகன் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பதினோரு பந்து வானத்திலிருந்து பறித்தான். அதில் ஒன்றை ஒரு ஆள் தோள்மேல் முட்டியை ஊன்றி ஏறிப் பிடித்தான், எனக்கு விசில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. முடிந்ததும் சீட்டை எடுத்தேன். மூன்று ஓட்டு ஒருத்தனுக்கு, ரெண்டு ஓட்டு ஒருத்தனுக்கு எழுதினேன். ஒரு ஓட்டு பாக்கி. ஒரே ஒரு ஓட்டு, ஆறு ஆட்டத்தில் ஒன்று, இதற்கு யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். பெபின் பேரில் முதல் எழுத்தை எழுதியும் விட்டேன். அந்த நேரம் பார்த்து கிரெய்க் வந்தான். காற்றில் பறந்துபோன என் தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி, "உங்கள் தொப்பி, மாமா. ரொம்ப நன்றாக நடத்தினீர்கள்" என்று ரெண்டு கையாலும் கொடுத்தான். அவன் முன்னால் சொந்தக்காரன் பேரை எழுதிக்கொண்டு இருக்கிறேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. எழுதின எழுத்தை அடித்தேன். கிரெய்க் என்று எழுதினேன். அன்றைக்கு அவன் பந்தைத் தொட்டது நாலு தடவை, அதில் ஒன்று கோட்டுக்கு வெளியே போனதை எடுத்துக் கொடுத்தது.

போன வெள்ளிக்கிழமை ஹோட்டலில் மதியச் சாப்பாடு வைத்து ஓட்டு எண்ணினார்கள். பெபின் ரிஜோவின் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. பார்க்கர் ஒவ்வொரு கவராகப் பிரித்துப் படித்தார். ஷார்ஜாவிலும் அல் ஐனிலும் நடந்த ஆட்டங்களுக்கு வேறு அம்பயர்கள், முன்பின் தெரியாத ஆஸ்திரேலியாக்காரர்கள். பெபின் ஆடிய நாலே ஆட்டத்தில் அவர்கள் அவனுக்குப் பதினேழு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். பதினேழு! கிரெய்க்குக்கும் பதினேழு. கடைசி ஆட்டத்துக் கவர் ரெண்டுதான் பாக்கி. சித்தீக் பாய் சீட்டில் ரெண்டு பேருமே இல்லை. அப்புறம் என் கவர். மூன்று, ரெண்டு என்று படித்துவிட்டு, பார்க்கர் சீட்டைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்த்தார், அடித்த எழுத்தைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். "கிரெய்க், ஒன்று" என்றார். ஹோட்டலே எழுந்து கைதட்டியது. பெபினும் எழுந்து கைதட்டினான். தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நீ சொல்வதுபோல நான் சும்மா இருக்கவில்லை அக்கா. நேரே பார்க்கரிடம் போனேன். கிரெய்க் பேங்க் ஆபீசர், அவனுக்கு இந்த வேலை வேண்டாம், ரெண்டாவதாக வந்த பையனுக்குக் கொடுங்கள் என்றேன். அவர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார், "நானும் அதைத்தான் யோசித்தேன். ஆனால் அவனுடைய ஆட்டத்தில் ஆறு நீங்கள் நடத்தினீர்கள். நீங்கள் அவனுடைய தாய்மாமன், அவனைப் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்களே ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கும்." காரணமே அவன் என் மருமகன் என்பதுதான் ஐயா என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "இப்போதும் அவனை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறீர்களே, எவ்வளவு பெரிய மனசு" என்றார். இந்த மனுஷரிடம் இதற்குமேல் என்ன பேச? வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் பெபின் நின்றான். ஒரே ஒரு பேச்சுதான் பேசினான். "அல் ஐன் அம்பயருக்கு எனக்க பேரு தெரியாது. நம்பரப் பாத்து ஓட்டு போட்டாரு. நீங்க எனக்க பேரு தெரிஞ்சதுனால போடல." அபுதாபி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். அன்றிலிருந்து என் போனை அவனும் எடுப்பதில்லை.

இதுதான் நடந்தது. இதில் நான் செய்த தப்பு எது என்று நீயே சொல். மருமகன் என்று ஓட்டுப் போட்டிருந்தால் ஊர் சிரித்திருக்கும். போடாததற்கு வீடு ஏசுகிறது. விசிலை சித்தீக் பாய் கையில் கொடுத்துவிட்டேன், இனி அதைத் தொடுவதில்லை, அந்த மைதானத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதும் இல்லை. மேனேஜரிடம் போய்ச் சொல் என்று நீ பழைய பாட்டைப் பாடினால் அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். அத்தானுக்கே சிவப்பு அட்டை காட்டியவன் நான். என் வாயிலிருந்து சிபாரிசு என்பது இந்த ஜென்மத்தில் வராது. ஜெஸ்மி அப்பாவிடம் நீயே ஏதாவது நல்லபடியாகப் பேசு.

அத்தானுக்கும், பெரியம்மாவுக்கும், பக்கத்து வீட்டு அத்தைக்கும், என்னைப் பற்றி நீ சொன்னதை நம்பியவர்களுக்கும் நம்பாதவர்களுக்கும் என் ஸ்தோத்திரங்கள். மாத்திரையை நேரத்துக்குப் போடு. கருவாட்டைக் குறை. பெரிய வெள்ளியன்று ஜெபத்தில் எல்லாரையும் நினைக்கும்போது என்னையும் ஒரு ஓரமாக நினை. கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் ஆசீர்வதித்து, உன் ரத்தக்கொதிப்பையும் இறக்குவாராக.

இப்படிக்கு,
உன்னால் ராங் நம்பர் என்று சொல்லப்பட்ட,
உடன்பிறந்த தம்பி
ஞானையா

பின்குறிப்பு: சனிக்கிழமை சாயங்காலம். ரிஜோ பெட்டியைக் கட்டி வைத்துவிட்டான், அதைத் திரும்பப் பிரிக்க வைத்து இதை எழுதுகிறேன். காலையில் பார்க்கர் போன் செய்தார். கிரெய்க் வேண்டாம் என்றுவிட்டதால் ஸ்போர்ட்ஸ் அசிஸ்டெண்ட் வேலை எனக்காம். என் வயசைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை. "உங்களைப் பற்றி எனக்கு ஒரு நல்ல அபிப்பிராயம்" என்றார், அவ்வளவுதான். நான் சரி என்று சொல்லிவிட்டேன். ஒரு நொடியில் முடிவு சொல்லிப் பழகிவிட்டது, என்ன செய்ய. சித்தீக் பாயிடமிருந்து விசிலையும் திரும்ப வாங்கியாகிவிட்டது.

ராஜினாமா கொடுக்க மேனேஜர் வெங்கட்ராமன் சார் அறைக்குப் போனேன். "உங்க இடத்துக்கு நான் யாரைப் போடறது ஞானையா?" என்று அலுத்துக்கொண்டார். என்ன ஆயிற்று என்று தெரியவில்லை அக்கா, என் வாய் தானாகத் திறந்தது. முசஃபாவில் பெபின் என்று ஒரு பையன், ஐ.டி.ஐ. முடித்தவன், என் சொந்த அக்கா மகன், என் மருமகன் என்றேன். மருமகன் என்று மூன்று தடவை சொன்னேன். அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, "இதை ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்றதுக்கென்ன? ஐ.டி.ஐ. படிச்ச பையன் வேணும்னு நான் பேப்பர்ல விளம்பரம் குடுத்துண்டு இருந்தேனே!" என்று என்னைப் பிடித்து ஏசினார். பையன் எப்படி என்று கேட்டார். "மூணு சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஏ.சி. டெக்னீஷியன் என்று மாற்றச் சொல்லி மதியமே பேப்பர் டைப் ஆகிவிட்டது. நகல் ஒன்றைத் தைலத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன், ஜெஸ்மி அப்பாவிடம் காட்டு.

பெபினுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "தேங்க்யூ அம்பயர்" என்று சொல்லி வைத்துவிட்டான். கல்யாணத்துக்குள் என்னை மாமா என்று கூப்பிடும்படி அவனிடம் சொல்லு அக்கா. நீ சொன்னால் கேட்பான். சிபாரிசுதான் கேட்கிறேன்.